மூன்றாவது ஓலை

கைடு புத்தகத்தைப் பார்த்து வாக்கியம் எழுதும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'மேக்னானிமஸ்' என்று ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், வகுப்பு மொத்தமும் ஒரே ராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடும். ராஜா பெருந்தன்மையானவர். ராஜா எதிரியை மன்னித்தார். எந்த ராஜா? தாம்பரத்தில் எந்தத் தெருவில் இவர்கள் ராஜாவைப் பார்த்தார்கள்? அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். சொல்லை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து வரலாம். ஆனால் வாக்கியம் அண்மையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். பொய் வாக்கியத்துக்கு மார்க் கிடையாது. உண்மை வாக்கியத்தில் இலக்கணம் கொஞ்சம் நொண்டினால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம்.

என் பெயர் கெசியா. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கும் வங்கித் தேர்வு கோச்சிங் சென்டரில் ஆங்கிலம் எடுக்கிறேன். கீழே பப்ஸ் வெந்தால் மேலே எல்லோருக்கும் பசிக்கும். ரயில் போகும்போது வாயை மூடிக்கொண்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வேன். சொற்களை நான் எழுத்தை வைத்துத்தான் பிரிப்பேன். ஒரு நாள் 'க்யூ' உள்ளவை. ஒரு நாள் உள்ளே உட்கார்ந்துகொண்டு வாயே திறக்காத 'பி' உள்ளவை: டவுட், சட்டில், ப்ளம்பர். ஒரே எழுத்தைச் சுமக்கிற சொற்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவரும் கூடவே வந்துவிடுவார்.

இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் என் மாணவர்களின் வீட்டுக் கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. மாடம்பாக்கத்துக் குமரவேலின் அப்பாவும் சித்தப்பாவும் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் வைக்கும் இடத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டது 'ஃப்யூட்' என்ற சொல்லில் வந்தது. அனுப்பிரியாவின் அம்மா பொங்கல் கூட்டத்தில் பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டுவிட்டு, அழுது, கடைசியில் ஒரு மினி லாரியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது 'ஃப்ரான்டிக்' என்ற சொல்லில் வந்தது. ஊரார் வீட்டு விஷயமெல்லாம் இப்படி விரல் நுனியில் இருந்தது. என் வீட்டு விஷயத்தை மட்டும் ஒரு மாணவி எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை இரட்டை 'என்' வகுப்பு. இரண்டு 'என்' ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள். போர்டில் நான்கைந்து எழுதிப் போட்டேன். அன்னல்: செல்லாது என்று ரத்து செய்வது. கன்னைவ்: தப்பு நடப்பது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து உடந்தையாவது. பெரென்னியல்: வருஷம் முழுக்க வற்றாதது. இன்னாக்குவஸ்: யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதது.

"மேடம், நம்ம சென்னைலயே ரெண்டு என் கீது," என்றான் குமரவேல். "ஊரே நம்ம க்ளாஸ்தான்."

"ஊர்ப்பேரெல்லாம் செல்லாது. வாக்கியம் சொல்லு."

"எங்க தெரு சாக்கடை பெரென்னியல் மேடம்."

சிரிப்பு அடங்கியதும் என் முறை. முதல் சுற்றில் டீச்சரும் ஒரு உண்மை வாக்கியம் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். நான் இன்னாக்குவஸை எடுத்துக்கொண்டேன். "என் அப்பா ஒரு இன்னாக்குவஸ் மனிதர். மழையில ஊறி அவர் ரூம் சுவர் பாழாயிடுச்சுன்னு பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். அதுக்குப் போய்க் கண்கலங்கிட்டார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிஜம்தான். பெயிண்டர் போன சாயங்காலம் அப்பா அந்த அறை நடுவில் நின்று சுவரைத் தடவித் தடவி அழுதார். ஒரு பக்கெட் பெயிண்ட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வயதாகிவிட்டது, மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பிலும் "அச்சச்சோ" என்று உருகினார்கள்.

அடுத்தது ஜோவிதா. புதிதாகச் சேர்ந்தவள், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலில் வருகிறவள். அவளுக்கு என்னைக் கெசியா மேடம் என்று தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது.

"பேன்ஸ், மேடம்," என்றாள். "பி, ஏ, ரெண்டு என், எஸ்."

"தலைல மேயுமே, அதுவா?" என்றான் குமரவேல்.

"நீ வாய மூடு," என்றேன். எனக்கு ஒரே சந்தோஷம். எந்தக் கைடிலும் இல்லாத சொல் அது. ஜோவிதாவையே அர்த்தம் சொல்லச் சொன்னேன். கிறிஸ்தவர்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை ஆலயத்தில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள், இவர்கள் சேர்வதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள், யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், மாப்பிள்ளையின் சர்ச், பெண்ணின் சர்ச் இரண்டிலுமே வாசிக்க வேண்டும் என்று அழகாகச் சொன்னாள். "நாங்க இத ஓலைன்னு சொல்லுவோம் மேடம்."

"நாங்களும்தான். வாக்கியம்?"

அவள் நிமிர்ந்து நின்று, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில், மனைவியை இழந்தவரான தாம்பரம் திரு. சத்தியநாதனுக்கும், எங்கள் சண்டே ஸ்கூல் டீச்சரான திருமதி ரத்தினபாய்க்கும் இரண்டாம் முறையாக ஓலை வாசிக்கப்பட்டது.

"வெரி குட். பாஸிவ் வாய்ஸ் பிரமாதம். எல்லாரும் கைதட்டுங்க," என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெயர் காதிலிருந்து உள்ளே இறங்கியது. சத்தியநாதன் என் அப்பாவின் பெயர்.

சே, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். தாம்பரம் கிறிஸ்தவர்களில் சத்தியநாதன்களுக்கா பஞ்சம்? ஆனாலும் கை மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடியது. சும்மா கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"அதான் மேடம் விசேஷமே!" ஜோவிதாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆங்கிலம் அதோடு போய்விட்டது. "அறுபதுக்கு மேல. ரயில்வேல சிக்னல் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர்டு. எங்க சர்ச் ஆம்ப்ளிஃபயர் கொர்ர்னு சத்தம் போடுதுன்னு ரிப்பேர் பண்ண வந்தாரு. சத்தம் நின்னுடுச்சு, அவரு வர்றது நிக்கல. டீச்சருக்கும் வீட்டுக்காரர் இல்ல, பாவம், எத்தன வருஷமா தனியா இருந்தாங்க. அவருக்கு ஒரு பொண்ணு இருக்காம் மேடம். தங்கமான பொண்ணாம். அதுதான் முன்ன நின்னு எல்லாம் செய்யுதாம்."

அப்பா ரயில்வே சிக்னல் செக்‌ஷன். ஓய்வு பெற்ற பிறகு சர்ச் சர்ச்சாகப் போய் மைக் செட் சரிசெய்து கொடுப்பது அவர் பொழுதுபோக்கு. சிங்கப்பெருமாள் கோவில் ஆம்ப்ளிஃபயருக்காக அவர் மாசக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்தார். அது என்ன ஆம்ப்ளிஃபயரோ, ராக்கெட்டா என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்தத் தங்கமான பெண் நான்தான். எனக்கு ஒன்றுமே தெரியாது.

தரை நழுவியது என்று எழுதினால் நானே மார்க் குறைப்பேன். தரை அங்கேயேதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது நல்லதாகப் போயிற்று. அது போகும்வரை யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. போனதும், "ரிவைஸ் பண்ணுங்க," என்று போர்டைக் காட்டிவிட்டு மாடிப்படிக்கு வந்தேன்.

ஜெரூஷா அக்காவுக்கு போன் போட்டேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். சபையில் யார் வீட்டில் யார் தும்மினாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

"என்ன கெசி, நாளைக்கு மூணாவது ஓலை. கேக்குக்கு சொல்லிட்டியா இல்லையா?" என்றார், நான் ஹலோ சொல்வதற்குள்.

"நம்ம சர்ச்லயும் வாசிச்சாங்களா அக்கா?"

"என்னடி கேள்வி இது? ரெண்டு வாரமா வாசிக்கிறாங்களே." அப்புறம் அவருக்கே நினைவு வந்தது. "ஓ, நீதான் சண்டே க்ளாஸ் இருக்குன்னு இப்பல்லாம் காலைல இங்கிலீஷ் சர்வீஸுக்குப் போயிடறியே. அங்க வாசிக்க மாட்டாங்க. ஓலை எப்பவும் தமிழ் சர்வீஸ்லதான். ஏன், உனக்கு..."

"தெரியும் அக்கா. தெரியும்." ரோஷம் எனக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

"அதானே பாத்தேன். ஒரே ஒரு குறைதான் கெசி. உங்கப்பா பேர் வரும்போது மட்டும் மைக் சத்தம் பொசுக்குனு கொறஞ்சிடுது. ரெண்டு வாரமும் அப்படியே. மைக் செட்டுகிட்ட உக்காந்திருக்கறது யாரு? மாப்பிள்ளைக்கு வெக்கம்!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

போனை வைத்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் இதே அக்கா என் கையைப் பிடித்து, "உனக்குப் பெரிய மனசு கெசி, எல்லாப் பொண்ணுக்கும் வராது," என்றது. சர்ச்சின் அறுப்பின் பண்டிகை சமையலுக்கு என் மிக்ஸியைக் கொடுத்ததற்குச் சொல்கிறார் என்று நினைத்து, "இதுல என்னக்கா இருக்கு, பழசுதானே," என்றேன். இப்போது அதை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. சபை முழுக்கத் தெரியும். சிங்கப்பெருமாள் கோவில் முழுக்கத் தெரியும். ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்து, ஒரே ஃபில்டரில் காபி குடிக்கிற எனக்குத் தெரியாது. அத்தனை பேரும் கன்னைவ். அப்படித்தான் அப்போது தோன்றியது.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் சேலையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். என் தொழிலே வார்த்தைதான், ஆனால் ஒன்றும் போதுமானதாக இல்லை.

அப்பா சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா ரத்தினபாய்?"

அவர் பயப்படுவார், தடுமாறுவார் என்று நினைத்தேன். அப்பா சிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வா, உக்காரு. எப்பதான் கேப்பன்னு ரெண்டு வாரமா பாத்துக்கிட்டு இருந்தேன். நானா பேச்ச எடுக்க ஒரு மாதிரி இருந்துச்சு. நீ சர்ச்ல கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலன்னதும் எனக்குப் பெரிய பாரம் எறங்கின மாதிரி ஆயிடுச்சும்மா."

"நான் கேக்கலப்பா."

"என்னது?"

"சர்ச்ல நான் எதையும் கேக்கல. இங்கிலீஷ் சர்வீஸ்ல ஓலை வாசிக்க மாட்டாங்க. இன்னிக்கு என் ஸ்டூடண்ட் ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

கத்தி நின்றது. "ரெண்டு சர்வீஸ்லயும் வாசிப்பாங்கன்னுதானே நெனச்சேன்..." என்றார் மெதுவாக. பிறகு, "அப்போ பெயிண்ட்டு?"

"என்ன பெயிண்ட்?"

"முதல் ஓலை வாசிச்ச மறுநாளே ஆளக் கூட்டியாந்து என் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சியே."

"சுவர் ஊறிப்போயிருந்துதுப்பா."

"அம்மா படம்? அத என் ரூம்லருந்து எடுத்து ஹால்ல நீதானே மாட்டின?"

"பெயிண்ட் தெறிக்கும்னு எடுத்தேன். திரும்ப மாட்ட சோம்பேறித்தனம். அவ்ளோதான்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்துகொண்டே வந்தது. நான் அதிர்ச்சியோடு வந்தவள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி எதிரில் நின்றது. வாயைத் திறந்து கேட்க முடியாத ஒன்றை மகள் புரிந்துகொண்டு, சுவருக்கு வண்ணம் பூசி, அம்மாவின் படத்தைத் தானே இடம் மாற்றி வைத்து, சரி அப்பா என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள் என்று இந்த மனிதர் இரண்டு வாரம் நம்பியிருக்கிறார். அதை நினைத்துத்தான் சுவரைத் தடவி அழுதிருக்கிறார். அந்தத் தங்கமான பெண்ணை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை.

நான் அப்போதாவது அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. "ஊருக்கெல்லாம் மைக் போட்டுச் சொல்லத் தெரியுது, எனக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியலையா?" என்று கத்தினேன். "எழுந்து நின்னு ஆட்சேபம் சொல்றதுக்கு நான் என்ன சபைல ஒருத்தியா? இந்த வீட்ல ஒருத்தி இல்லையா? வந்த வரனையெல்லாம் அப்பா தனியாயிடுவாருன்னு திருப்பி அனுப்பினேனே, யாருக்காக?"

"நான் உன்னப் போகாதன்னு சொன்னேனாம்மா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. அப்படி ஏதாவது சொல்லித் தொலைத்துவிட்டோமோ என்று நிஜமாகவே பயந்து கேட்டார். சொல்லவில்லைதான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. அம்மா இறந்ததிலிருந்து அவர் என்ன நினைப்பார் என்று நானும், நான் என்ன நினைப்பேன் என்று அவரும் ஊகித்து ஊகித்தே காலத்தை ஓட்டியிருக்கிறோம்.

"சரிம்மா," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, எங்கள் சபை ஆயரைக் கூப்பிட்டார். "ஐயா, சத்தியநாதன் பேசறேன். நாளைக்கு அந்த ஓலைய வாசிக்க வேணாம்... ஆமாங்கய்யா, ஆட்சேபம் வந்திருக்கு... இல்ல, வெளியாள் இல்ல. வீட்லயேதான்."

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சத்தம், ஒரு எதிர்ப்பேச்சு இருந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இப்படி ஒரு வார்த்தையில் ஒரு மனிதர் தன் கல்யாணத்தை மடித்து வைத்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ரத்தினத்துக்கு நாளைக்குச் சொல்லிக்கறேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விட்ட வெண்டைக்காயை நறுக்கப் போனார். ரத்தினம் என்று அவர் அந்தப் பெயரைச் சொன்ன விதம் என்னைக் குத்தியது. அன்றைக்குப் பொரியல் எப்போதும்போலவே நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஞாயிறு காலை இங்கிலீஷ் சர்வீஸுக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அப்பாவின் அறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் படம் கட்டிலில் கிடந்தது. ஆணியைச் சுற்றிப் பூச்சு கொஞ்சம் பெயர்ந்து விழுந்ததும், பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"இதான் அதோட எடம்," என்றார். படத்தை மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்ததற்கான கோபம் இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பொய் வாக்கியத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறவள் நான். அப்பா ரொம்ப காலத்துக்குப் பிறகு உண்மையாக ஒரு வாக்கியம் சொல்ல வந்தார். சொல்லத் தெரியாமல், பயந்து, ஆயர் வாயால் சொன்னார். அதை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். இனி இந்த அறையில் அவர் அம்மாவின் படத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு, எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத மனிதராக, இன்னாக்குவஸாக, இருந்து முடிப்பார். அதை நினைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவர் தமிழ் சர்வீஸுக்கு மைக் செட்டைத் தயார் செய்ய எப்போதும்போல் முன்னதாகவே கிளம்பிப் போனார். நான் புடவை கட்டியபடியே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் சர்வீஸ் நேரம் போனது. குமரவேலுக்கு போன் செய்தேன்.

"குமரவேல், இன்னிக்கு க்ளாஸ நீ பாத்துக்க. நேத்து வார்த்தைங்களையே டெஸ்ட் வை."

"இன்னா மேடம், நானா? எனக்கே பாதி ஸ்பெல்லிங் தெரியாதே."

"போர்டப் பாத்து வை," என்று சொல்லிவிட்டு, தமிழ் சர்வீஸுக்குக் கிளம்பினேன்.

ஆலயத்தில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்பா முன்னால், ஓரமாக, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் அவருடைய வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, ஆயர் அறிவிப்புகளுக்கு வந்தார். வியாதியஸ்தர் பெயர்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பிறகு ஓலை. எங்கள் சபையின் காலேப் என்ற ஒரு பையனுக்கும் பெரம்பூர்ப் பெண் ஒருத்திக்கும் முதல் முறையாக. ஆட்சேபம் யாருக்கும் இல்லை. ஆயர் அந்தக் காகிதத்தை மடித்தார். அதற்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. அதைத் தொடாமல், "நாம் எல்லோரும் எழுந்து நின்று..." என்று பாட்டு எண்ணைச் சொல்லப் போனார். முன் வரிசையில் ஜெரூஷா அக்கா திரும்பிப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. இந்நேரம் சிங்கப்பெருமாள் கோவிலில் மூன்றாவது ஓலையை வாசித்திருப்பார்கள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே நிறுத்தியது அவருக்குத் தெரியாது.

மற்றவர்கள் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா."

மைக் இல்லாமலேயே என் குரல் கூரை வரை போனது. மின்சார ரயிலோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். பாதி எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அப்பா திரும்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு ஓலை பாக்கி இருக்குங்கய்யா."

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். "அது... ஆட்சேபம் இருக்கறதா சொன்னாங்கம்மா."

"ஆட்சேபம் சொன்னது நான்தான். அத வாபஸ் வாங்கறேன்." ஆயர் ஏதோ சொல்ல வந்தார். விடவில்லை. "இப்ப வேற ஒரு ஆட்சேபம் சொல்றேன். ஓலைய வாசிக்காம விட்டதுக்கு."

ஆராதனை நடுவில் இப்படி யாரும் எழுந்து பேசியதாக எங்கள் சபையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரோ ஒருவர் "ஆண்டவரே" என்றார். ஜெரூஷா அக்கா வாயில் கைவைத்துக்கொண்டார். ஆயர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா அசையவில்லை. பிறகு ரொம்ப லேசாக, நிஜமாகவே பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வரும்படி, தலையை ஆட்டினார்.

ஆயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியிலிருந்த காகிதத்தை எடுத்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். "மூன்றாம் முறையாக," என்று ஆரம்பித்தார்.

அப்பாவின் கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனது. வெட்கம் வந்துவிட்டது, சத்தத்தைக் குறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திருகியது மறுபக்கம். "சத்தியநாதன்" என்ற பெயர் ஜன்னல் கம்பியெல்லாம் அதிர, வாசலைத் தாண்டி, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். ஆயரே ஒரு நிமிஷம் மிரண்டுபோய் மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். பிறகு ரத்தினபாயின் பெயரையும் அதே சத்தத்தில் வாசித்தார்.

"இவ்விருவரும் திருமணத்தில் இணைவதில் உங்களில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், இப்போதே தெரிவிக்க வேண்டும்."

ஆலயத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் திரும்பி என்னையே பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்தேன்.